கிறகோரி கண்ட கொடி

தாளை மேசையில் விரித்ததும் அன்புராசா இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த யூஜினி அதைக் கவனித்தாள். காலையிலிருந்து அந்தக் கைகள் மேசையில்தான் கிடந்தன. கப்பலில் அகப்பட்டதைச் சொன்னபோதும், தண்ணீருக்குள் இறக்கிவிட்டதைச் சொன்னபோதும் அவை அசையவில்லை.

தாள் முழுவதும் கொடிகள். வரிசை வரிசையாக, நிறத்தில் அச்சடித்தவை. மஞ்சளில் நீலச் சாய்சதுரம் ஒன்று, வெள்ளையில் கறுப்புக் கரடி ஒன்று, சிவப்பும் வெள்ளையுமான கோடுகளுக்கு நடுவில் ஓர் எழுத்து. எதன் கீழும் பெயர் இல்லை.

"இவை சுவிஸ் கப்பல் கொம்பனிகளின் கொடிகள்" என்றார் திருமதி அம்ஸ்லர். "நாட்டுக்கொடி கப்பலின் பின்பக்கம் பறக்கும். கொம்பனிக்கொடி மேலே, கொடிமரத்தில் பறக்கும். அவசரம் இல்லை. ஆறுதலாகப் பாருங்கள். நீங்கள் கண்ட கொடி இதில் இருந்தால் விரலை வையுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள்."

யூஜினி ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளருக்கு உள்ள சட்டம் அது ஒன்றுதான். காலையில் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்ததும் அதற்குத்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, மாசி மாதம். ரொறன்ரோவில் பே வீதியில், ஒரு உயரக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த கூட்ட அறை. யன்னலுக்கு வெளியே ஏரி உறைந்துபோய்க் கிடந்தது. மேசையின் அந்தப்பக்கம் சுவிஸ் நாட்டுப் பேசல் நகரத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி அம்ஸ்லர். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, பிறிச்சட் என்ற ரொறன்ரோ வழக்கறிஞர். கப்பல் கொம்பனிகளுக்குக் காப்புறுதி கொடுத்தவர்கள் அவரை அனுப்பியிருந்தார்கள். எந்தக் கொம்பனியின் பெயரும் இந்த அறையிலிருந்து வெளியே போகாமல் பார்ப்பது அவருடைய வேலை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

சுவிஸ் நாட்டுக்கு ஏது கடல் என்று யூஜினி முதலில் யோசித்தாள். இந்த வேலைக்கு ஆயத்தம் செய்ய அனுப்பிய தாள்களைப் படித்தபிறகுதான் விளங்கியது. கடல் இல்லை, ஆனால் கப்பல் இருக்கிறது. சிவப்பில் வெள்ளைச் சிலுவையோடு, பேசல் என்று பின்பக்கம் எழுதிக்கொண்டு அவை உலகம் முழுக்கப் போய்வருகின்றன. அந்தக் கப்பலில் ஒரு குற்றம் நடந்தால் விசாரிக்கவேண்டியதும் பேசல்தான்.

அன்புராசா மன்னார், பேசாலைக் கடற்றொழிலாளி. சண்டையில் கடல் பூட்டுப்பட்டுத் தொழில் இல்லாமல் போன பிறகு, தம்பி கிறகோரியையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்கு என்று வெளிக்கிட்டார். ஏஜென்சிக்காரன் அவர்களை மேற்கு ஆபிரிக்காவில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். அங்கே இவர்களைப் போலவே அகப்பட்டு நின்றவர் யாழ்ப்பாணத்து அருள்நாயகம். மூன்று பேரும் ஒரு அறையில் மாதக்கணக்காகக் கிடந்தார்கள். பகலில் துறைமுகத்தை நோட்டம் பார்த்துவருவது கிறகோரியின் பொறுப்பு. ஒருநாள் வந்து, கூட்டல் குறிபோலச் சக அடையாளம் போட்ட சிவப்புக் கொடியோடு ஒரு கப்பல் நிற்குது, ஆஸ்பத்திரிக்காரரின் கப்பலாக இருக்கவேணும், அவர்கள் எங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று சொன்னான். அன்று இருட்டியபிறகு மூன்று பேரும் கயிற்றைப் பிடித்து ஏறினார்கள்.

மறுநாளே அகப்பட்டுவிட்டார்கள். கப்பல் துறையைவிட்டு வந்து அதிகநேரம் ஆகவில்லை. கப்ரன் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. வெறும் எண்ணெய்ப் பீப்பாய்களைப் பலகையோடு சேர்த்துக் கட்டச் சொன்னான். தண்ணீர் கொஞ்சம் கொடுத்தான். கப்பலின் பெயர் தெரியாதபடி பின்பக்கத்தில் படங்குச் சீலையைத் தொங்கவிட்டான். மூவரையும் அந்தத் தெப்பத்தில் இறக்கிவிட்டுக் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனான். பெயரை மறைத்தவர்களுக்குக் கொடிமரத்தில் இருந்த கொம்பனிக்கொடியை இறக்க நினைவு வரவில்லை. காலையில் துறையைவிட்டு வெளிக்கிடும்போது ஏற்றியது அப்படியே பறந்துகொண்டிருந்தது.

தெப்பத்தில் போன மூவரில் உயிரோடு கரை சேர்ந்தவர் அன்புராசா ஒருவர்தான். பிறகு அகதியாகக் கனடாவுக்கு வந்துசேர்ந்தார்.

அந்தக் கிழமையில் அந்தக் கரையை ஒட்டி நின்ற சுவிஸ் கப்பல்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஆரவால்ட் கொம்பனியுடையது, மற்றது நொய்மார் கொம்பனியுடையது. ஒரே கொம்பனியாக இருந்து பிரிந்தவை. பிரிந்தபோது கொடியின் நடுவில் இருந்த வெள்ளை வளையத்தை இருவரும் வைத்துக்கொண்டார்கள். துணியின் நிறத்தை மட்டும் மாற்றினார்கள். ஆரவால்டுக்குப் பச்சை. நொய்மாருக்கு நீலம். இது யூஜினிக்குத் தாள்களில் இருந்து தெரியும். அன்புராசாவுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறையில் ஒலிப்பதிவுக் கருவி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வலதுகை மடியிலிருந்து மெல்ல எழும்பிவந்தது. நீல வளையக்கொடியின் மேலே வந்து நின்றது. அங்கிருந்து நகர்ந்து, பக்கத்தில் இருந்த பச்சையின் மேல் விரல் அமர்ந்தது.

"இது" என்றார்.

திருமதி அம்ஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். பிறிச்சட் ஒரு தாளை எடுத்து மேசையில் தள்ளினார். அதற்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர்போல இருந்தது.

"போன ஐப்பசியில் இவர் தொலைபேசியில் கொடுத்த வாக்குமூலம் இது. கொடியின் நிறம் நீலம் என்று இருக்கிறது. நீலம். இன்றைக்குப் பச்சை. எது பொய் என்று கேளுங்கள்."

யூஜினி கேட்டாள். அன்புராசா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கேள்வி விளங்கினதோ?"

"விளங்கினது."

பிறிச்சட் பேனாவால் மேசையைத் தட்டினார். காலையில் தாளைக் காட்டமுன்னர், கொடி என்ன நிறம் என்று அம்ஸ்லர் கேட்டபோது அன்புராசா சொன்னது "கடல் நிறம்" என்று. அவளும் அப்படியே 'கடலின் நிறம்' என்று இங்கிலீசில் சொல்லியிருந்தாள். அவளும் மன்னார்க்காரி. கரையோரக் கடல் எப்படிப் பச்சையாய்க் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஐப்பசியில் தொலைபேசியில் மொழிபெயர்த்தவர் செல்வரட்ணம் அங்கிள். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். சனம் பத்துச் சொல் சொன்னால் இரண்டாய்ச் சுருக்கிவிடுவார். கடல் நிறம் என்று இந்த மனிதர் சொல்லியிருப்பார், அங்கிள் நீலம் என்று எழுதவைத்திருப்பார். அவளுக்கு அது கண்ணால் கண்டதுபோல் நிச்சயமாக இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் தன் வாயால் பேசக்கூடாது. பேசினால் அடுத்த வேலை வராது. அவள் கையை உயர்த்தினாள்.

"மன்னிக்கவேண்டும். மொழிபெயர்ப்பாளராக நான் ஒன்று சொல்ல அனுமதி வேண்டும்."

பிறிச்சட் திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"காலையில் இவர் சொன்னது கடல் நிறம் என்று. எங்கள் ஊர்க் கடல் நீலமாகவும் இருக்கும், பச்சையாகவும் இருக்கும். முதல் வாக்குமூலத்திலும் அதே சொல்லைச் சொல்லி, அது நீலம் என்று எழுதப்பட்டிருக்கலாம். ஒலிநாடாவைக் கேட்டால் தெரியும்."

"மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்காக வாதாடுகிறார்" என்றார் பிறிச்சட், குரலை உயர்த்தாமல். "இதைப் பதிவு செய்யவேண்டும். இவரை மாற்றவும் வேண்டும்."

"பதிவு செய்கிறேன்" என்றார் அம்ஸ்லர். "மாற்றுவதைப் பிறகு யோசிப்போம். ஒலிநாடாவின் பிரதி என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்ப்பதில் உங்களுக்கு மறுப்பு உண்டா?"

பிறிச்சட் ஒரு கணம் யோசித்தார். "இல்லை. போடுங்கள்."

இன்னொரு கருவி எடுத்துவர ஆள் போயிற்று. சிறிது நேரம் எல்லோரும் எழுந்தார்கள். நடந்தது எதையும் அன்புராசாவுக்குச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் யூஜினிக்கு உறைத்தது. இருந்த இடத்திலேயே சுருக்கமாகச் சொன்னாள்: உங்கட பழைய வாக்குமூல ரேப்பைப் போட்டுக் கேட்கப்போகினம், நான்தான் கேட்டனான்.

அவர் முகம் வெளிறிப்போனது.

நடைபாதையில் தண்ணீர் குடிக்கப் போனவளுக்குப் பின்னால் அவர் வந்து நின்றார். பழைய குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இருந்தார். "தங்கச்சி, அந்த ரேப்பைப் போடவேண்டாமெண்டு சொல்ல ஏலாதோ?"

"அண்ணை, வெளியில வைச்சு நான் உங்களோட கதைக்கக்கூடாது."

"உங்களைக் குறை சொல்ல வரேல்லை. நீங்கள் எனக்கு நல்லதுதானே நினைச்சீங்கள்."

"அதில உங்கட பக்கம்தான் நியாயம் தெரியும் அண்ணை. பயப்படாதேங்கோ."

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள். அவர் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறிச்சட் நடைபாதையின் அந்தக் கோடியில் கோப்பிக் கோப்பையோடு நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்புராசா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அந்த நடையைப் பார்த்தபோதுதான் யூஜினிக்குச் சந்தேகம் தட்டியது. நியாயம் தன் பக்கம் இருக்கிறவன் அப்படி நடக்கமாட்டான்.

கருவி வந்தது. அம்ஸ்லர் நாடாவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு இடத்தைப் பிடித்தார். செல்வரட்ணம் அங்கிளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கொடியின்ர நிறத்தைச் சொல்லுங்கோ."

"நீலம்."

"வடிவா ஞாபகம் இருக்கோ? இல்லாட்டி இல்லையெண்டு சொல்லலாம்."

"ஓம். நீலத் துணி. நடுவில வெள்ளை வளையம். நீலம்தான்."

அம்ஸ்லர் நாடாவை நிறுத்தினார். எல்லோரும் யூஜினியைப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவர் அந்த அறையில் அவளைத் தவிர அன்புராசா மட்டும்தான்.

"சாட்சி நீலம் என்று சொல்கிறார்" என்றாள். "ஞாபகம் இருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார். சாட்சி ஓம் என்கிறார். நீலத் துணி, நடுவில் வெள்ளை வளையம், நீலம்தான் என்கிறார்."

"கடல் என்ற சொல் எங்காவது வருகிறதா?" என்று கேட்டார் பிறிச்சட்.

"இல்லை."

"நன்றி."

அங்கிள் சரியாகத்தான் செய்திருக்கிறார். இவள்தான் தனக்குத் தெரிந்த கடலைக் கொண்டுவந்து இன்னொருவரின் வாயில் வைத்தவள். வைத்தது மட்டுமா, மூடிக் கிடந்த ஒன்றைக் கிளறியும் விட்டாள்.

பிறிச்சட் அன்புராசாவின் பக்கம் திரும்பினார். "ஐப்பசியில் நிச்சயமாக நீலம். இன்றைக்கு நிச்சயமாகப் பச்சை. காலையில் கேட்டபோது கடல் நிறம். நீங்கள் அந்தக் கொடியைக் கண்டதே இல்லை. அப்படித்தானே?"

யூஜினி அதைத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசையில் இருந்த கைகளைப் பார்த்துச் சொன்னாள்.

"கண்டனான்" என்றார் அன்புராசா.

"அப்படியானால் ஐப்பசியில் ஏன் பொய் சொன்னீர்கள்?"

"அது பொய் இல்லை."

"இன்றைக்குச் சொல்வது பொய்யா?"

"இல்லை."

"இரண்டும் உண்மையாக இருக்க முடியாது, ஐயா."

அன்புராசா கொஞ்சநேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு யூஜினியிடம், "தங்கச்சி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவீங்களோ? நல்லாச் சொல்லவேணுமெண்டில்லை. அப்பிடியே" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியையும் அவள் இங்கிலீசில் சொன்னாள். அம்ஸ்லர் தலையசைத்தார்.

"கப்பல் திரும்பேக்க நாங்கள் மூண்டு பேரும் தெப்பத்தில இருந்தனாங்கள். அருள்நாயகத்தாருக்கு ஒரே சத்தி, கடலுக்குள்ள கக்கினபடி குப்புறக் கிடந்தார். பேர் தெரியேல்லை, ஆனா மேல கொடி நிண்டது. நான் தம்பிக்குச் சொன்னன், உந்தக் கொடியை வடிவாப் பார்த்து வை, உயிரோட போனா அதைத்தான் சொல்லவேணுமெண்டு. கப்பல் போயிட்டுது. போனாப்பிறகு நான் சொன்னன், பச்சை, நடுவில வெள்ளை வளையம். அவன் சொன்னான், இல்லையண்ணா, நீலமெண்டு."

யூஜினி சொல்லிக்கொண்டு வந்தாள். மொழிபெயர்ப்பில் 'அவர்' என்ற சொல் கிடையாது. 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். நான் பச்சை என்று சொன்னேன். என் தம்பி நீலம் என்று சொன்னான். நூறு விசாரணைகளில் அப்படிப் பேசியிருக்கிறாள். இன்றைக்கு அந்த 'நான்' ஒவ்வொருமுறையும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"முதலில பகிடி மாதிரித்தான் தொடங்கினது. பிறகு கோவம் வந்திட்டுது. உனக்குக் கண் பிழையெண்டு நான் ஏசினன். நீ எப்பவும் நீ சொன்னதுதான் எண்டு அவன் சொன்னான். வெயில், குடிக்கத் தண்ணியில்லை. சுத்திவரக் கடல். வேற என்ன இருக்கு எங்களுக்கு? அந்தக் கொடி ஒண்டுதான். அதைப் பிடிச்சுக்கொண்டு சண்டை பிடிச்சம். கடைசியில அவன் அந்தப்பக்கம் திரும்பிக் கிடந்தான். நான் இந்தப்பக்கம். கதைக்கேல்லை."

அவர் நிறுத்தினார். யூஜினி கடைசி வசனத்தைச் சொல்லி முடித்தாள். பிறிச்சட் பேனாவை வைத்துவிட்டார்.

"அருள்நாயகத்தார் எப்ப போனாரெண்டு தெரியாது. பார்த்தா ஆள் இல்லை. அப்பதான் நான் திரும்பித் தம்பியைத் தட்டினன். அவனுக்குக் கண் திறந்திருந்தது, ஆனா பார்க்கேல்லை. மூச்சு இருந்தது. நான் அவன்ர காதுக்குள்ள சொன்னன், சரியடா, நீலம்தான், நீ சொன்னது சரியெண்டு. பலதரம் சொன்னன். அவனுக்குக் கேட்டுதோ இல்லையோ தெரியாது."

யூஜினி, "சரியடா, நீலம்தான்" என்பதை இங்கிலீசில் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அம்ஸ்லர் தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடிக்கவில்லை. இரண்டாம் முறை முயன்று, சொல்லி முடித்தாள்.

"அதுக்குப் பிறகு என்னை எடுத்த மீன்வள்ளத்துக்காரர் கேட்டவை, பொலிஸ் கேட்டது, இஞ்ச கேட்டவை. எல்லாருக்கும் நீலமெண்டுதான் சொன்னனான். அவனுக்குச் சொல்லிப்போட்டு மாத்திச் சொல்ல ஏலாது. இண்டைக்கும் நீலத்தில விரலை வைக்கத்தான் வந்தனான். காலமை கேக்கேக்க வாய் வரேல்லை, அதுதான் கடல் நிறமெண்டு சொன்னன். ஆனா உந்தத் தாளை விரிச்சவுடன கண்டன். ரெண்டும் பக்கத்தில பக்கத்தில. விரல் பச்சைக்குப் போயிட்டுது. நான் என்ன செய்ய?"

பிறிச்சட் பேனாவை மறுபடி எடுத்தார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, கேட்கவேண்டியதைத்தான் கேட்டார். "அப்படியானால் இறந்துபோன உங்கள் தம்பியும் கண்ணால் கண்டவர். அவர் நீலம் என்றார். அவர் சொன்னதை நீங்கள் மறுக்கிறீர்களா?"

"மறுக்கேல்லை."

"ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்."

"ரெண்டையும் எழுதச் சொல்லுங்கோ. என்ர கண்ணுக்குப் பச்சை. அவன்ர கண்ணுக்கு நீலம். செத்துப்போனான் எண்டதுக்காக அவன் பிழையெண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அம்ஸ்லர் அப்படியே எழுதினார். வாசித்துக் காட்டினார். அன்புராசா கையெழுத்து வைத்தார். தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் போடும்போது அம்ஸ்லரின் முகத்தில் நம்பிக்கை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிறம் சொல்லும் ஒரே சாட்சியை வைத்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

வெளியே வந்து சப்வேக்கு இறங்கும் படியில் அன்புராசா யூஜினியிடம் பேசாமலே போனார். அவளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? வோர்டன் ஸ்ரேசனில் இறங்கி வெக்ஸ்போர்ட்டுக்குப் பஸ் எடுத்து வீட்டுக்குப் போகும்வரை, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து அதன்பிறகு அழைப்பு வரவில்லை. பிறிச்சட் முறைப்பாடு எழுதியிருந்தார். அவள் ஒரு பேக்கரியில் பகல் வேலைக்குச் சேர்ந்தாள். சித்திரையில் ஒருநாள், கோயில் வாசலில் செல்வரட்ணம் அங்கிள் எதிர்ப்பட்டார். எப்படியோ கேள்விப்பட்டிருந்தார்.

"என்னில உனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லையோ பிள்ளை?"

"பிழை விட்டிட்டன் அங்கிள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சரி விடு" என்றார். ஆனால் அவர் முகம் விடவில்லை. அவளும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

இலையுதிர்காலத்தில், ஒரு பின்னேரம், பேசலில் இருந்து தொலைபேசி வந்தது. திருமதி அம்ஸ்லர்தான். அன்புராசாவுக்கு ஒரு செய்தி இருக்கிறது, அதைத் தமிழில் சொல்ல வேண்டும், நீங்கள் செய்வீர்களா என்று கேட்டார்.

"நிறுவனம் என்னைக் கூப்பிடுவதில்லை" என்றாள் யூஜினி.

"தெரியும். நான் உங்களைத்தான் கேட்கிறேன்."

அம்ஸ்லர் சும்மா இருக்கவில்லை. இரண்டு கப்பல்களிலும் அந்தப் பயணத்தில் வேலை செய்த மாலுமிகளைத் தேடித் தேடிக் கடிதம் போட்டிருக்கிறார். ஆரவால்ட் கப்பலில் சமையல்காரனாக இருந்த ஒருவன், மணிலாவில் இருப்பவன், கடைசியில் வாய் திறந்திருக்கிறான். பீப்பாய்கள் சமையலறை எண்ணெய்ப் பீப்பாய்கள். அவற்றைக் கொடுத்தவன் அவன். அவனைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். கப்ரனைக் கைதுசெய்து விளக்கமறியலில் வைத்தாயிற்று. வழக்கு மாரியில் நடக்கும்.

"தொலைபேசியில் சொல்லவேண்டாம்" என்றாள் யூஜினி. "நான் நேரே போய்ச் சொல்கிறேன்."

அன்புராசா வோபர்னில், ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தார். மனைவி றோசலின் போன வருடம்தான் வந்து சேர்ந்தவர். கோழி பக்டரியில் காலை வேலை முடிந்து அன்புராசா அப்போதுதான் முழுகிவிட்டு வந்து இருந்தார். யூஜினியைக் கண்டதும் எழுந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கதிரையைக் காட்டினார்.

அவள் அம்ஸ்லர் சொன்னதை வரிசையாகச் சொன்னாள். சமையல்காரன், பீப்பாய், கப்ரன். றோசலின் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அன்புராசா முழுவதையும் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப பச்சைதான்" என்றார்.

"ஓம் அண்ணை. பச்சை."

வேறு யாராக இருந்தாலும் ஆறுதல் அடைந்திருப்பார்கள். அவர் முகம் இறுகிக்கொண்டே போனதை யூஜினி பார்த்தாள். இவர் கேட்க விரும்பிய செய்தி இது இல்லை. தெப்பத்தில் தொடங்கிய அந்தச் சண்டையில் தாம் வென்றுவிட்டதாக ஒருத்தி வந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிறகோரி சொன்னது பிழை. சாகக் கிடந்தவனோடு முகம் திருப்பிக் கிடந்ததற்கு, இனி அதுவும் ஒரு நியாயம்போல வந்து நிற்கும்.

பிறகு அவர் கேட்டார். "அந்தத் தாளில மற்றது இருந்தது. நீலம். அது ஆற்ற கொடி?"

"அது வேறொரு கொம்பனி, நொய்மார் எண்டு. முந்தி ரெண்டும் ஒண்டுதானாம்."

"அவையின்ர கப்பலும் அந்தப் பக்கம் வந்ததோ?"

தாள்களில் படித்ததை இப்போது சொல்லலாம். சொல்லக்கூடாது என்று தடுக்க யாரும் இல்லை. "ஓம் அண்ணை. நீங்கள் ஏறின அண்டைக்கு அதே துறையில அதுவும் நிண்டது. பின்னேரம்போல வெளிக்கிட்டுப் போட்டுது. அதிலயும் அந்தச் சக அடையாளக் கொடிதான்."

அன்புராசா நிமிர்ந்தார்.

"பகல் போய்ப் பார்த்தவன் அவன்தான்" என்றார் மெதுவாக. "நான் போகேல்லை. அருள்நாயகத்தாரும் போகேல்லை. நாங்கள் இருட்டுக்குள்ள ஏறினனாங்கள், அப்ப கொடியெல்லாம் இறக்கிப்போட்டினம், ஒண்டும் நிக்கேல்லை. சகக் கொடியெண்டு வந்து சொன்னவன் அவன்."

"ஓம் அண்ணை" என்றாள் யூஜினி.

"அவன் பகல் கண்டது அந்தக் கப்பலை. நீலத்தை. கண்ணுக்குள்ள அதை வைச்சுக்கொண்டுதான் தெப்பத்தில சொல்லியிருக்கிறான்." அவர் அவளைப் பார்த்தார். "இருக்கும்தானே தங்கச்சி?"

போன மாசியில் அவள் இப்படித்தான் ஒன்றை நிச்சயம் என்று நினைத்தாள். கிறகோரி பகலில் எந்தக் கப்பலைக் கண்டான் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பேசலில் இருக்கும் அதிகாரியிடம் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்.

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றாள். "ஆனா இருக்கலாம். அந்தத் துறையில நீலமும் நிண்டது. அது உண்மை."

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, சாதாரணமான குரலில், "றோசலின், கேட்டீரே? கிறகோரி பார்த்தது மற்றக் கப்பலை" என்றார்.

"கேட்டனான்" என்றார் றோசலின். "அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊத்துறன். இருக்கச் சொல்லுங்கோ."

அன்புராசா சொல்லமுன்னரே யூஜினி மேற்சட்டையைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டாள்.